கரண்ட் வந்ததால் நின்ற பாட்டு

என் கணவர் மில்ஹிம் பள்ளி வேன் ஓட்டியவர். பெய்ரூத்துக்குத் தென்கிழக்கே ஷூஃப் மலையில் எங்கள் ஊரிலிருந்து கீழே உள்ள பள்ளிக்கூடம்வரை, காலையில் தூங்கி வழியும் பிள்ளைகளோடு வளைவுகளில் இறங்குவார். மதியம் கூச்சல் போடும் அதே பிள்ளைகளோடு ஏறி வருவார். இந்த மார்ச் மாதம் அவர் போய்ச் சேர்ந்தபோது துக்கம் கேட்டவர்களில் பாதிப்பேர் அந்த வேனில் போய்ப் படித்தவர்கள். மீதிப்பேர் வரவில்லை. அபிஜானிலிருந்தும் மாண்ட்ரீலிலிருந்தும் குவைத்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் போனில் அழுதார்கள். அவர்களில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை.

அவர்களுக்கு அவர் 'ஞாயிறு மேசை'யின் மில்ஹிம். "அவரைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க, உம் நபீஹ்" என்று, நபீஹின் அம்மாவான என்னைக் கேட்டதும் அவர்கள்தான். நாலு வரியில் முடியவில்லை.

நோய்க்காலத்தில் பள்ளிகளை மூடியபோது வேன் பைன் மரத்தடியில் நின்றது. ஊசி இலைகள் விழுந்து விழுந்து கூரை பழுப்பாகிப் போனது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். இருந்த கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். பக்கத்து வீட்டுக் கதவுகளுக்கும் போட்டார். அந்த நாட்களில்தான் யாரோ போனில் ஒரு சுட்டியை அனுப்பினார்கள். மாண்ட்ரீலில் இருக்கும் பாஹியா என்ற பெண் இணையத்தில் ஒரு குரல் அறை திறந்திருக்கிறாள், ஞாயிறுதோறும் மாலையில் எசப்பாட்டு நடக்கிறது, வந்து கேள் என்று.

எங்கள் மலைகளில் எசப்பாட்டு இல்லாத கல்யாணமோ திருவிழாவோ உண்டா? இரண்டு புலவர்கள் சாப்பாடு பரப்பிய மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒருவன் பாட்டுக்கு மற்றவன் அங்கேயே பாட்டுக் கட்டிப் பதில் சொல்ல வேண்டும். பின்னால் தஃப் என்னும் தோல்மேளம் அடிப்பவனும் பின்பாட்டுக்காரர்களும். புலவன் பாடி முடித்ததும் கடைசி வரியைக் கூட்டம் முழுவதும் திருப்பிப் பாடும். அதற்குள் எதிராளி தன் பதிலை யோசித்துக்கொள்ளலாம்.

பெயர் 'ஞாயிறு மேசை' என்றாலும் பாஹியாவின் அறையில் மேசை இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் தட்டு. பின்பாட்டுதான் பெரிய வேடிக்கை. கடைசி வரியைக் குவைத்துக்காரர்கள் முதலில் பிடிப்பார்கள், பெய்ரூத் கொஞ்சம் பிந்தும், மாண்ட்ரீல் அதற்கும் பிந்தும். எல்லாரும் முடித்து அடுத்தவர் தொண்டையைச் செருமும்போது சிட்னிக்காரர் ஒருவர் மட்டும் முழு உற்சாகத்தோடு தனியாகப் பாடிக்கொண்டிருப்பார்.

"சிட்னி ஆச்சா? ஆச்சுன்னா சொல்லுங்க, அடுத்த பாட்டுக்குப் போலாம்" என்பாள் பாஹியா.

ஒரு வாரம் வர முடியாத யாரோ "போன ஞாயிறு நடந்தத யாராவது பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். மில்ஹிம் தற்செயலாகப் பதிவு செய்து வைத்திருந்தார். அனுப்பினார். அவ்வளவுதான், வேலை அவர் தலையில் விழுந்தது. விழுந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். எங்கள் மகன் நபீஹ் தோஹாவுக்குப் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தார். அதன் பேட்டரி ஊதிப்போயிருந்ததால் கழற்றி வீசியாகிவிட்டது. சுவரில் கரண்ட் இருக்கும்வரை ஓடும், போனால் அந்த நொடியே அணையும். அதை ஜன்னலோரம் வைத்து, ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் மாத்தே என்ற இலைக்கஷாயம் குடிக்கும் சுரைக்குடுவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கோப்பு ஒவ்வொன்றுக்கும் தேதி, தலைப்பு, யாருக்கு யார் எதிர் என்று பெயர் வைப்பார். உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, எதையும் சுத்தம் செய்ய மாட்டார். நபீஹ் போனில் சொல்லிப் பார்த்தான்.

"அப்பா, இதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு. நாய் குரைக்கிறது, பாத்திரம் விழுறது எல்லாத்தையும் எடுத்துடலாம்."

"நாய் குரைச்சதாலதான்டா அந்த வரியே வந்துச்சு. நாய எடுத்துட்டா பாட்டு யாரப் பாத்துக் குரைக்கும்?"

இன்னொன்று, நடந்து முடிந்ததற்குப் பிறகு எதையும் சேர்க்க மாட்டார். பத்ரூன் மலையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் தனூஸ், அறையின் பெரிய புலவர்களில் ஒருவர், ஒருமுறை மில்ஹிமை அழைத்துக் கெஞ்சினார்.

"அபூ நபீஹ், அந்த மூணாவது வரில கொஞ்சம் தடுக்கிட்டேன். அத மட்டும் நல்லாப் பாடி அனுப்புறேன், நைசா ஒட்டிடுய்யா."

"உன் கடைல முடிய வெட்டுனப்புறம் ஒட்டித் தர்றியா நீ?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தனூஸுக்குச் சரியான எதிரி ஹாஜி ஜவாத். தெற்கே ஸராரியேக்காரர். மீசை முளைக்கும் வயதில் கடல் தாண்டி அபிஜானுக்குப் போய்த் துணிக்கடை போட்டவர். ஞாயிற்றுக்கிழமை கடையை உள்ளே பூட்டிக்கொண்டு துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடுவார். துணி எதிரொலியைக் குடித்துவிடும். அதனால் அறையிலேயே துல்லியமான குரல் அவருடையதுதான். தனூஸின் பக்கம் எப்போதும் கடைச்சத்தம். மருமகன் முடி வெட்டிக்கொண்டிருப்பான், மாமனார் மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு பாடுவார். தனூஸ் அரக் சாராயம் குடிப்பார். ஹாஜி டீ.

"என்ன ஹாஜி, இன்னிக்கும் டீயா? டீயக் குடிச்சிட்டுப் பாடுற பாட்டு தலைவலிக்குத்தான் ஆகும்."

"உன் பாட்டக் கேட்டாத் தலைவலி வருதுன்னுதான்யா டீயே குடிக்கிறேன், தனூஸு."

இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பிறகு தலைப்பு. வாளுக்கும் ஏருக்கும், கடலுக்கும் மலைக்கும், கருப்புக் கண்ணுக்கும் பச்சைக் கண்ணுக்கும் என்று வருடக்கணக்காகச் சண்டை. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வரும் ஞாயிறுகளில் மில்ஹிம் சாய்ந்து உட்கார மாட்டார், நாற்காலி நுனியில்தான்.

கடைசியாக அவர்கள் மோதிய ஞாயிற்றுக்கு பாஹியா கொடுத்த தலைப்பு, 'போனவனும் இருந்தவனும்'. ஹாஜி போனவன் பக்கம், தனூஸ் இருந்தவன் பக்கம். வேறு யாருக்கு அது பொருந்தும்? அன்றைக்குத் தனூஸ் நல்ல வேகத்தில் இருந்தார்.

ஓடிப் போன காலுக்கெல்லாம் ஊரு என்ன சொந்தமடா?
வாடி நிக்கும் அத்திமரம் வந்து கேக்குது நித்தமடா!
தேடித் தேடிப் பாத்தாலும் தெருவில் உன்பேர் இல்லையடா,
மூடி வச்ச வீட்டுச்சாவி முடிஞ்சு வச்சது யாரடா?

ஸராரியேயில் ஹாஜியின் வீடு பூட்டித்தான் கிடந்தது. எல்லாருக்கும் தெரியும். பின்பாட்டுக்காரர்கள் 'முடிஞ்சு வச்சது யாரடா' என்று மடக்கி மடக்கிப் பாடினார்கள். சிட்னியும் முடித்தது. ஹாஜி செருமிக்கொண்டார். மூச்சை இழுத்தார்.

அப்போது கரண்ட் வந்தது.

வேறு ஊர்களில் கரண்ட் போனால்தான் காரியம் கெடும். எங்கள் ஊரில் வந்தாலும் கெடும். நாங்கள் வாழ்வது ஜெனரேட்டர்காரன் கொடுக்கும் கரண்டில். அதில் இரண்டு விளக்கு, ஃப்ரிட்ஜ், லேப்டாப் ஓடும். தண்ணீர் மோட்டார் ஓடாது. சர்க்கார் கரண்ட் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தெருவே கத்தும், "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று. எல்லா வீட்டிலும் யாராவது ஓடிப்போய்ச் சுவிட்சை ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து சர்க்கார் பக்கம் திருப்புவார்கள். திருப்புகிற அந்த ஒரு நொடி கரண்ட் அறும். அடுத்த நொடி மோட்டார். அந்த வாரம் மொட்டைமாடித் தொட்டி காய்ந்து கிடந்தது. தெருவில் கூச்சல் கேட்டதும் மில்ஹிம் எழுந்தார், போனார், சுவிட்சைத் திருப்பினார், மோட்டாரைப் போட்டார். தும்மல் வந்தால் வாயைப் பொத்துகிற மாதிரி. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தபோது லேப்டாப் இருண்டு கிடந்தது.

"அடப்பாவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கிழட்டு லேப்டாப் எழுந்து, ரௌட்டர் எழுந்து, அவர் அறைக்குள் திரும்பப் போனபோது பின்பாட்டு ஓய்ந்துகொண்டிருந்தது. 'அந்தக் கதவு போதுமடா' என்று சிட்னிக்காரர் மட்டும் பாடினார்.

"தனூஸ், உங்க முறை" என்றாள் பாஹியா.

இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு தனூஸ், "என்னம்மா? ஒண்ணும் கேக்கல. இங்க கரண்ட் போச்சு. ஹாஜி என்ன பாடுனாரு?"

ஹாஜி சிரித்தார். "போனது போகட்டும் தனூஸு. பாடுனதத் திருப்பிப் பாடுற வழக்கம் நமக்கில்ல."

அதோடு அன்றைய கூட்டம் கலைந்தது. அந்த வாரமே ஹாஜி ஜவாத் கடையில் துணி அளந்துகொண்டிருந்தபோது மாரடைத்து இறந்துபோனார்.

அவர் மகள் நர்ஜிஸ் எங்களை அழைத்தாள். மில்ஹிம் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மில்ஹிம் மாமா, ஒரு உதவி. போன ஞாயிறு அப்பா கடைலருந்து வந்து சாப்பாட்டுல உக்காந்ததும் ஒரே சிரிப்பு. 'இத்தன வருஷமா தேடுன பாட்டு இன்னிக்குத்தான் கெடச்சுச்சு'ன்னாரு. பாடிக் காட்டுங்கன்னேன். 'ஒரு தடவ பாடுனா பாடுனதுதான். மில்ஹிம்கிட்ட இருக்கும், வாங்கிக் கேளு'ன்னுட்டாரு. நான்தான் அப்புறம் கேக்கலாம்னு விட்டுட்டேன். நாப்பதாம் நாளுக்குள்ள அனுப்புவீங்களா மாமா?"

"இருக்கும்மா. எல்லாமே என்கிட்ட இருக்கும்மா. ஒரு எழுத்துகூடப் போகாது" என்றார் மில்ஹிம். சாகும்வரை அவர் அவசரப்பட்டுச் சொன்ன ஒரே வாக்கு அதுதான்.

போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். ஹாஜியின் செருமல், மூச்சிழுப்பு. அங்கேயே அறுந்தது. அடுத்த கோப்பு 'அந்தக் கதவு போதுமடா'வில் தொடங்கியது. நடுவில் போனது ஒரே ஒரு பாட்டு. அந்தப் பெண் கேட்ட பாட்டு. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பள்ளி வேனில் ஒரு பிள்ளையை எங்கோ இறக்க மறந்துவிட்டு வந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

வேறு யாரும் பதிவு செய்திருக்கவில்லை. எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "எதுக்கு? நீங்கதான் பண்றீங்களே." நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பின்பாட்டுக்காரன் காதில் கடைசி வரி மட்டும்தான் தங்கும். அதற்கு முன்னால் வருவதெல்லாம் அந்த வரிக்குக் காத்திருக்கிற நேரம். ஒருவர் 'சாவி' என்றார். ஒருவர் 'குரல்' என்றார். குவைத்துக்காரர் 'ஒட்டகம்' என்று சத்தியம் செய்தார்.

"ஒட்டகம் எங்கய்யா வந்துச்சு இதுல?"

"வரலையா? அப்ப அது அதுக்கு முந்தின வாரம்."

அறுந்த இரண்டு துண்டுகளையும் மில்ஹிம் திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிடும்போதும் கேட்டார். ஒரு நாள் காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். தனூஸ் பேசிக்கொண்டிருந்தார்: "இங்க கரண்ட் போச்சு." அதன் பின்னால், மெல்லியதாக, நிற்காமல், ஓர் இரைச்சல்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டேன்.

"ஹேர் டிரையர்" என்றார்.

உடனே பத்ரூனுக்குப் போன் போட்டார்.

"தனூஸ், அன்னிக்கு உன் கடைல கரண்ட் போச்சா?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே."

"நீ அதச் சொல்றப்ப உன் மருமகன் யாருக்கோ முடி காய வச்சிட்டிருக்கான். எதுல காய வச்சான்? வாயால ஊதியா?"



"நீ டிரைவர். வேன மட்டும் ஓட்டுய்யா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் தனூஸ்.

மறுநாள் அவரே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"கேட்டேன் அபூ நபீஹ். ஒவ்வொரு எழுத்தும் கேட்டேன். இப்பவும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. என்னால பதில் கட்ட முடியல. வாயத் தெறந்தா அழுதுடுவேன் போல இருந்துச்சு. கடை நிறைய ஆளு. சட்டுனு கரண்ட் மேல பழியப் போட்டுட்டேன். இந்த நாட்ல அத யாரு சந்தேகப்படுவா? ஆனா அவன் கண்டுபிடிச்சுட்டான். அதான் சிரிச்சான். ரெண்டு நாள் கழிச்சுக் கூப்ட்டு ஒத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போய்ட்டான் பாவி."

"நாப்பதாம் நாள் கூட்டத்துல வந்து பாடு."

"எல்லார் முன்னாடியுமா? முப்பது வருஷமா மேடைல தோத்தேன்னு ஒருத்தன் சொன்னதில்ல என்னைய. தோத்ததுகூடப் பரவால்ல. பொய் சொல்லித் தப்பிச்சவன்னு ஆயிடும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு வழி இருக்கு. ஹாஜி குரல் எனக்கு நல்லா வரும், உனக்கே தெரியும். அவன மாதிரியே பாடி அனுப்புறேன். அந்த ஓட்டைல வச்சுத் தச்சிடு. அந்தப் பொண்ணுக்குப் பாட்டு கெடைக்கும். நீ குடுத்த வாக்கும் நிக்கும். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

மில்ஹிம் 'யோசிக்கிறேன்' என்று சொன்னார். அவர் அப்படிச் சொன்னதே எனக்கு ஆச்சரியம். அன்று முழுவதும் வேன் கூரையில் கிடந்த பைன் ஊசிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லிப் பார்த்தேன், "பெத்த அப்பன் பாட்டு, அந்தப் பொண்ணு ஆசப்படுது. குடுத்துடுங்களேன்."

"குடுக்கலாம். அப்பா குரல்னு நெனச்சு அது காலம்பூராக் கேக்கும். அது கேக்குறது தனூஸோட தொண்டையா இருக்கும்" என்றார். "இது ஒண்ணு பொய்யின்னா, மத்ததெல்லாம் நெசம்னு நான் யார்கிட்டப் போயிச் சொல்றது?"

சாயங்காலம் நர்ஜிஸை அழைத்தார். தன்னிடம் பாட்டு இல்லை என்றார். ஏன் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார், தண்ணீர் மோட்டார்வரை.

அவள் அழவில்லை. "அப்ப அத யாருமே கேக்கலையா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டவர் ஒருத்தர் இருக்கார்மா. அவரா வாயத் தெறக்கணும். நான் தெறக்க வைக்க முடியாது."

தனூஸிடமும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: "ஒட்ட மாட்டேன். ஞாயித்துக்கிழமை நான் ரெக்கார்டிங் போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

நாற்பதாம் நாள் கூட்டத்தில் அறை நிரம்பியிருந்தது. தஃப் வேண்டாம் என்று பாஹியா சொல்லியிருந்தாள். ஃபாத்திஹா ஓதினார்கள். ஒவ்வொருவராக ஹாஜிக்கு ஒரு பாட்டுச் சொன்னார்கள். தனூஸ் அறையில் இருப்பது தெரிந்தது, பேச்சில்லை. மில்ஹிம் நாற்காலி நுனியில். தெருவில் யாராவது கத்தினாலும் எழக்கூடாது என்று சுவிட்சுக்கு முன்னால் என்னை நிறுத்தி வைத்திருந்தார். கூட்டம் முடியப்போகிறது என்று தோன்றியபோது தனூஸ் மைக்கைத் திறந்தார். பின்னால் கடைச்சத்தமே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தனூஸ் பேசுறேன். இன்னிக்கு எனக்கு கரண்ட் இருக்கு" என்றார். "அன்னிக்கும் இருந்துச்சு."

அவர் முதலில் தன் பாட்டைப் பாடினார், சாவி கேட்ட பாட்டை. பின்பாட்டுக்காரர்கள் தயங்கித் தயங்கி அதை எடுத்தார்கள். பிறகு தன் சொந்தக் குரலிலேயே, ஹாஜியின் பதிலைப் பாடினார்.

சாவி எங்கே என்று கேட்ட தோழனே நீ கேளடா,
கூவி என்னை ஏசுகின்ற குரலுதானென் வீடடா!
பாவி நானும் பறந்துபோனேன், பாத்து நின்னவன் நீயடா,
ஆவி போயும் வந்து தட்ட அந்தக் கதவு போதுமடா!

'அந்தக் கதவு போதுமடா' என்று குவைத் எடுத்தது, பெய்ரூத் எடுத்தது, மாண்ட்ரீல் எடுத்தது. ஒருவரும் நிறுத்துவதாக இல்லை. சிட்னிக்காரருக்குக்கூட அன்றைக்குத் துணை இருந்தது. ஒருவழியாக ஓய்ந்ததும், வருடக்கணக்கான பழக்கத்தில் பாஹியாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தனூஸ், உங்க முறை."

"பதில் இல்லம்மா" என்றார் தனூஸ். "நர்ஜிஸ், இருக்கியாம்மா? உங்கப்பன் ஜெயிச்சான்."

நர்ஜிஸ் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை காலைலயே ஆரம்பிச்சிடுவாரு, 'இன்னிக்கு என்னைய நல்லா ஏசப் போறாங்க'ன்னு. புதுச்சட்டை போட்டுட்டுப் போவாரு மாமா. திட்டு வாங்கறதுக்கு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மில்ஹிம் மாமா, இருக்கீங்களா? இது பதிவாகுதா?"

பதிவு ஓடும்போது அவர் மைக்கைத் திறந்ததே கிடையாது. பதிவு செய்கிறவன் பேசக்கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. அன்றைக்குத் திறந்தார்.

"ஆகுதும்மா" என்றார்.

அறுந்த கோப்பை அறுந்தபடியே வைத்தார். புதியதை அதற்கடுத்து, அன்றைய தேதியோடு வைத்தார். நர்ஜிஸுக்கு இரண்டையும் அனுப்பினார். பெயர் வைத்து முடித்துவிட்டு, தன் குரல் வரும் இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"நடுவுல நான் வந்துட்டேன். இந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்துடவா?"

"உங்க இஷ்டம். நாயக்கூட எடுக்காத ஆளு நீங்க" என்றேன்.

எடுக்கவில்லை.

இப்போது ஞாயிறு மேசைக்காரர்கள் கோப்பு கேட்டால் நான்தான் தேடி அனுப்புகிறேன். எல்லா வருடங்களும் அதில் இருக்கின்றன. யார் யாரோ பாடுகிறார்கள், இருமுகிறார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். அவர் குரல் அந்த ஒரு கூட்டத்தில், அந்த ஒரு சொல்லில் மட்டும். போன வாரம் நபீஹ் தோஹாவிலிருந்து, அப்பா குரல் வேண்டும் என்று கேட்டான். அவனுக்கு அதைத்தான் அனுப்பினேன்.